ரயிலு கடலுக்குள்ள போச்சு

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சேலம் குகையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். பற்றவைப்பு வேலை. தனுஷ்கோடியைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்த ஆசையில், போன மாதம் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போனவன் அங்கேயும் போய்விட்டு வந்தேன்.

ஏமாற்றம்தான் அண்ணா. கூரையில்லாத ஒரு சர்ச், நாலு சுவர், மீன் பொரிக்கிற கடைகள், சிப்பி மாலை. ஆட்டோக்காரர் புயல் கதையைச் சொன்னார், ரயில் போன கதையைச் சொன்னார், ராத்திரியில் இன்னும் விசில் சத்தம் கேட்கும் என்றார். சரி, ஊரில் யார் இருந்தார்கள், அந்த மணலில் எதற்காக ஒரு ஊர் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

நான் கேட்டதற்குக் காரணம் எங்கள் ஆயா. சின்ன வயதில் கண்டிச் சீமையில், அதாவது இலங்கைத் தோட்டப் பக்கம் இருந்தவள். கல்யாணத்துக்கு முன்பே ஊர் திரும்பிவிட்டாள். தனுஷ்கோடி என்றால் இரண்டே விஷயம்தான் சொல்லுவாள். ஒன்று, "ரயிலு கடலுக்குள்ள போச்சு." இன்னொன்று, "கையால மண்ணத் தோண்டுனா இனிப்புத் தண்ணி வரும்." முதலாவது புயலில் போன ரயில் என்று நாங்களே நினைத்துக்கொண்டோம். இரண்டாவதை வயசானவர் பேச்சு என்று விட்டுவிட்டோம். அவளுடைய ட்ரங்குப் பெட்டியில், அவள் அப்பாவுடையது என்று, ஓட்டை போட்ட ஒரு தகர வில்லை இருக்கிறது. ஏதோ எழுத்தும் நம்பரும் குத்தியிருக்கிறது. வெள்ளி இல்லை, அது எனக்கே தெரியும். என்ன அது?

என் மனைவி ஒன்று கேட்கச் சொன்னாள். நம்ம ஊர் சினிமா ஸ்டூடியோ மாடர்ன் தியேட்டர்ஸ் போனதற்கே யாரும் அழவில்லை, எங்கேயோ தீவில் போன ஊருக்கு இவர் ஏன் இத்தனை பக்கம் எழுதுகிறார் என்று.

பெயர் போட வேண்டாம்.
குகை, சேலம்.

*

அன்புள்ள தம்பி,

கல்யாணத்துக்கு முன்பே திரும்பிவிட்ட ஆயா சொன்ன ரயில், 1964 டிசம்பர் 22 இரவு புயலில் போன ரயிலாக இருக்க முடியாது. அவள் சொன்னது வேறு. அவள் உட்கார்ந்து போன ரயில் அது.

பாம்பன் பாலம் திறந்தது 1914 பிப்ரவரி 24-ல். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் கடல் மேலேயே ஓட்டம். பழைய பாலம் தாழ்வானது. ஜன்னலோரம் உட்கார்ந்த குழந்தைக்குத் தண்டவாளம் தெரியாது, கைப்பிடிச் சுவர் கிடையாது, கீழே தண்ணீர்தான். ரயில் கடலுக்குள் போகிறது என்றுதான் தோன்றும். அது முடிந்து தீவுக்குள் நுழைந்து, மணல்வெளியில் ஓடி, கடைசியில் தனுஷ்கோடித் துறை வரைக்கும் போய் நிற்கும். பக்கத்திலேயே கப்பல். சேலத்துக் குழந்தை ஒன்று அதை வேறு எப்படிச் சொல்லும்? தண்ணீரென்று அது அதுவரை பார்த்தது திருமணிமுத்தாறு, மிஞ்சிப் போனால் ஒரு ஏரி.

எனக்கு இதில்தான் உறுத்தல். ஆயா தான் கண்ட காட்சியைச் சரியாகவே சொல்லியிருக்கிறாள். பின்னால் வந்த புயல் கதை அந்த வாக்கியத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. உங்கள் வீட்டில் மட்டுமல்ல, எல்லோருக்கும் இப்படித்தான். ஐம்பது வருஷம் உயிரோடு இருந்த ஒரு ஊரை அதன் கடைசி ராத்திரியை வைத்தே நமக்குத் தெரியும்.

அந்த ராத்திரியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பாம்பனிலிருந்து இரவு 11.55-க்குக் கிளம்பிய 653-ஆம் எண் பாசஞ்சர், 110 பயணிகள், 5 ரயில்வே ஊழியர்கள் என்பது பதிவு. ஊரை நெருங்கும்போது சிக்னல் விழவில்லை. அலை வந்தது. ஊரும் போயிற்று. இறந்தவர்கள் மொத்தம் 1800 பேர் அளவில் என்பார்கள். விசில் சத்தம் கேட்கும் என்பதெல்லாம் ஆட்டோ வாடகையில் சேர்த்தி.

இனி உங்கள் கேள்வி. அந்த மணலில் எதற்கு ஊர்?

அங்கிருந்து தலைமன்னார் முப்பத்தைந்து கிலோமீட்டர் சுமார். கப்பலில் இரண்டு மணி நேரப் பயணம். 1914-க்கு முன்னால் கொழும்பு போகிறவர்கள் தூத்துக்குடிக்குப் போய்க் கப்பல் ஏறினார்கள். பாலம் வந்ததும் வழி இந்தப் பக்கம் திரும்பியது. எழும்பூரில் ஒரே டிக்கெட். போட் மெயிலில் ஏறி தனுஷ்கோடி, அங்கே கப்பல், அக்கரையில் மறுபடி ரயில், கொழும்புக் கோட்டை. கப்பல்களுக்கு இர்வின், கோஷன் என்று வைஸ்ராய், கவர்னர் பெயர். இன்னொரு விஷயம், அப்போது பாம்பன்தான் ஜங்ஷன். பெரிய பாதை தனுஷ்கோடிக்குப் போனது, ராமேஸ்வரத்துக்குப் பிரிந்தது கிளைப் பாதை. சாமியே கிளைப் பாதையில்தான் இருந்தார் என்று சொன்னால் இன்று யாராவது நம்புவார்களா?

ஆக, அது கால அட்டவணையில் வாழ்ந்த ஊர். ஸ்டேஷன், அதைச் சுற்றி ரயில்வே குடியிருப்பு, சின்னதாய் ஒரு ரயில்வே ஆஸ்பத்திரி, துறைமுக அலுவலகம், சுங்கச் சாவடி, தபாலாபீஸ், ஒரு ஆரம்பப் பள்ளி, சர்ச், கோயில். சுவர்களைத் தொட்டுப் பார்த்திருப்பீர்களே, செங்கல்லுக்குப் பதிலாகக் கடலிலிருந்து எடுத்த பவளப்பாறைக் கல்லாக இருக்கும். மெயில் வரும், பெட்டி இறங்கும், சுங்கக்காரர் மூட்டையைப் பிரிப்பார், கப்பல் கிளம்பும். அப்புறம் எதிர்க் கப்பல் வரும்வரை ஊர் காத்திருக்கும். இடையில் மீனவர்கள் தங்கள் பாட்டுக்கு வலை இழுப்பார்கள், கருவாடு காயும். காசி யாத்திரைக்காரர்கள் வேறு, சேதுவில் முழுகி, கங்கையில் கரைக்க ஒரு பிடி மணல் முடிந்துகொண்டு போவார்கள். அப்துல் கலாமின் அப்பா ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்குப் படகில் யாத்ரீகர்களை ஏற்றிச் சென்றவர். உலகப் போர்க் காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போனபோது, ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் ஓடும் வண்டியிலிருந்து பத்திரிகைக் கட்டுகளை வீசுவார்கள், அதைப் பொறுக்கி எடுப்பதில்தான் தன் முதல் சம்பாத்தியம் என்று கலாம் சொல்லியிருக்கிறார். அந்தத் தீவில் ரயில் நின்றாலும் பிழைப்பு, நிற்காவிட்டாலும் ஒரு பிழைப்பு.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். அது வயசானவர் பேச்சு இல்லை தம்பி. நான் முதல்முறை போனது ரோடு போடுவதற்கு வெகு காலம் முன்பு, மணலில் முக்கி முனகிப் போகும் ஒரு வேனில். நாக்கு வறண்டு ஒரு குடிசை வாசலில் தண்ணீர் கேட்டேன். மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா செம்பைக் கொடுத்து, "அந்தக் குழியில மோந்துக்கப்பா" என்றார். முழங்கை ஆழம்கூட இல்லை. இரண்டு பக்கமும் கடல். குடித்தால் நல்ல தண்ணீர். மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்தாற்போல் நிற்கிறது. அதனால் ஆழமாகத் தோண்டக் கூடாது, தோண்டினால் உப்பு ஏறிவிடும். கையால் தோண்டினால்தான் இனிப்பு. ஆயா சொன்னதில் "கையால" என்ற சொல் வீணாக வரவில்லை பாருங்கள்.

அந்தச் செம்புத் தண்ணீரை நான் இத்தனை வருஷம் என்னுடைய அனுபவம் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். குகையில் ஒரு கிழவி எனக்கு அரை நூற்றாண்டு முன்னாலேயே குடித்திருக்கிறாள்.

இப்போது அந்த வில்லை. கண்ணால் பார்க்காமல் அடித்துச் சொல்லக் கூடாது. ஆனால் துளை, எழுத்து, நம்பர் என்று நீங்கள் சொல்வது அந்தக் காலத்துத் தகர டிக்கெட்டோடு ஒத்துப்போகிறது. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் கட்டிப் போன கங்காணிகள் ஒவ்வொருவர் கழுத்திலும் அதைத் தொங்கவிட்டுத்தான் கூட்டிப் போவார்கள். எந்தத் தோட்டத்து ஆள் என்பது அதில் இருக்கும். வழிச் செலவு அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறும். கடைசியில் அது கூலிக்காரர் தலையில் கடனாக வந்து விடிவதும் உண்டு. அப்புறம் மண்டபத்தில் முகாம். அதை நடத்தியது இலங்கை அரசாங்கம், இந்திய மண்ணிலேயே. காலரா, அம்மை அக்கரைக்கு வந்துவிடக் கூடாதென்று அங்கே சில நாள் அடைத்து வைத்து, ஊசி போட்டு, துணியை ஆவியில் வேகவைத்துத்தான் கப்பலுக்கு அனுப்புவார்கள். முதல் வகுப்பில் கொழும்பு போனவருக்கு தனுஷ்கோடி ஒரு காப்பி குடிக்கிற நேரம். உங்கள் ஆயாவின் அப்பாவுக்கு அது இந்தியாவின் கடைசி மண்.

சேலத்துக்காரர் ஏன் அவ்வளவு தூரம் போனார் என்று கேட்கலாம். நம் சேர்வராயன் மலையில் 1820-களிலேயே காக்பர்ன் கலெக்டர் காப்பி வைத்துவிட்டார். வேலை அங்கேயே இல்லையா? இருந்தது, ஆனால் நம் மலை சின்னது. 1876-78 தாது வருஷப் பஞ்சம் சேலம் ஜில்லாவைத் துடைத்துப் போட்டபோது ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் எத்தனை வாய்க்குச் சோறு போடும்? திருச்சி, சேலம், புதுக்கோட்டை, ராமநாதபுரம் என்று ஜனம் கிளம்பியது. முதலில் கால்நடையாக, படகில். பாலம் வந்தபின் ரயிலில். குகையிலும் அம்மாபேட்டையிலும் ஆத்தூர்ப் பக்கத்திலும் விசாரித்தால், ஒரு தெருவுக்கு ஒரு கண்டிக் கதையாவது அகப்படும்.

1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். ஐந்தேகால் லட்சம் தமிழரை இந்தியா திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மாதம் ஆகவில்லை, அவர்கள் பாட்டன்மார் கப்பலேறிய ஊர் இல்லாமல் போயிற்று. பிற்பாடு திரும்பி வந்தவர்கள் ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். போனபோது ஏறிய படி, வந்தபோது இல்லை.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உடைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்து ஓட்டிவிட்டார்கள். பின்னாளில் மெட்ரோவில் பேர் வாங்கிய ஸ்ரீதரன்தான் அப்போது அந்த வேலையில் நின்றவர். தனுஷ்கோடிப் பாதையை மட்டும் திரும்பப் போடவில்லை. ஆள் வசிக்கத் தகுதியில்லாத இடம் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. நியாயமான முடிவாகவே இருக்கலாம். ஆனால் ஊர் போனது அலையால் மட்டும் என்று சொல்லிவிட எனக்கு மனசு வரவில்லை.

தங்கச்சி கேட்ட கேள்வி. மாடர்ன் தியேட்டர்ஸுக்கு யாரும் அழவில்லை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் பெரியப்பா அங்கே செட் போடும் தச்சர். ஏற்காடு ரோட்டிலிருந்து அம்மாபேட்டைக்கு சைக்கிளில் வருவார், முழங்கையெல்லாம் பெயிண்ட். வரும்போது தட்டுவடை செட் கட்டிக்கொண்டு வருவார் என்பதால் அவர் வேலை செய்யும் கம்பெனி மேல் எங்களுக்கு அபார மரியாதை. நேற்று அரண்மனைத் தூண் செய்தேன், இன்று அதையே பிரித்துக் குகை செய்தேன் என்பார். ஏதோ நம்ம குகையைச் செய்ததாகவே நான் நெடுநாள் நினைத்திருந்தேன். ஸ்டூடியோ மூடியபின் செவ்வாய்ப்பேட்டையில் கல்யாணப் பந்தலுக்குப் போனார். அந்த ரோட்டைத் தாண்டும்போது மட்டும் பெடலை வேகமாக மிதிப்பார்.

டி.ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய கம்பெனி, நூறு படத்துக்கு மேல் எடுத்தது, மலையாளத்தின் முதல் பேசும் படமே அங்கேதான் பிறந்தது. இன்று நிற்பது ஒரு நுழைவு வளைவு. அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்கள் எம்.ஜி.ஆர். பெயரைச் சொல்வார்கள், கலைஞர் பெயரைச் சொல்வார்கள், தப்பில்லை. பெரியப்பா மாதிரி எத்தனை தச்சர்கள், எத்தனை மணிக்கு வேலைக்குச் சேர்ந்தார்கள், மத்தியானச் சோறு எங்கே தின்றார்கள் என்று சொல்ல ஆளில்லை. தனுஷ்கோடியில் புயல் செய்த வேலையை இங்கே நட்சத்திரப் பெயர்கள் செய்கின்றன. இரண்டுக்கும் நான் பக்கம் பக்கமாக எழுதுவது அந்த மிச்சத்துக்காகத்தான். தங்கச்சிக்கு இது போதுமா என்று கேட்டுச் சொல்லுங்கள். போதாதென்றால் அடுத்த கடிதத்தை அவரையே எழுதச் சொல்லுங்கள்.

நீங்கள் ஏமாந்து திரும்பியதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே பார்க்க அவ்வளவுதான் இருக்கிறது. நீங்கள் தேடிப் போனது உங்கள் வீட்டு ட்ரங்குப் பெட்டியில் கிடந்திருக்கிறது. ஆயா சொன்னதையெல்லாம், அர்த்தம் புரியாததையும் சேர்த்து, அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். அப்பாவிடமும் அத்தைமாரிடமும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

வில்லையின் மேல் ஒரு வெள்ளைக் காகிதத்தை வைத்து, பென்சிலால் தேய்த்து, எழுத்தும் நம்பரும் விழுகிறாற்போல் எனக்கு அனுப்புங்கள். எந்தத் தோட்டம் என்று தேடிப் பார்க்கலாம். அதுவரைக்கும் பளிச்சென்று ஆகட்டும் என்று புளி போட்டுத் தேய்த்துவிட வேண்டாம். பட்டறைக்காரர் கை சும்மா இருக்காது என்பது எனக்குத் தெரியும்.

அன்புடன்,
அண்ணன்