தெளிவாகக் கேட்ட 'ஓகே'

அன்புள்ள ஆசிரியருக்கு,

தொடர்பியல் முதுகலை முதலாண்டு படிக்கிறேன். செய்தி எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதை விளக்கும் ஷானன்–வீவர், ஷ்ராம், பெர்லோ மாதிரிகளில் எது சரியானது? ஷானனுடையது பழசு, மனிதர்களுக்குப் பொருந்தாது என்கிறார்கள். கேட்பவர் தப்பாகப் புரிந்துகொள்வதுதான் 'இரைச்சல்' என்று குறிப்பெடுத்திருக்கிறேன். சரிதானே?

எம்.

அன்புள்ள எம்.,

சரியில்லை. அந்த வரியை அடித்துவிடுங்கள். கோபம் உங்கள் மேல் இல்லை. நோட்ஸைப் பார்த்து நோட்ஸ் எழுதும் வழக்கத்தின் மேல்.

1948இல் தன் மாதிரியை முன்வைத்த கட்டுரையை எழுதியபோது ஷானன் பெல் ஆய்வகத்துப் பொறியாளர். செய்தியின் பொருளுக்கும் தன் பொறியியல் சிக்கலுக்கும் சம்பந்தமில்லை என்று தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடுகிறார். அவர் படத்தில் வரிசை இது: தகவல் மூலம், அனுப்பும் கருவி, தடம் (செய்தி போகும் கம்பி அல்லது அலை), பெறும் கருவி, சேருமிடம். இரைச்சலின் அம்பு தடத்தில் மட்டும்தான் வந்து குத்தும். பெறும் கருவி என்பது தொலைபேசியின் ரிசீவர். ஆள் அதற்கு அடுத்த பெட்டி. இரண்டையும் சேர்த்துப் 'பெறுநர்' என்று எழுதிய இடத்தில் உங்கள் குழப்பம் தொடங்குகிறது. பொருள் பிசகுவதற்குத் தனியாக ஒரு பெட்டி போடலாம் என்றவர் வீவர், 1949இல். நோய் இரண்டு, மருந்தும் இரண்டு.

1977 மார்ச் 27, டெனரீஃப் தீவு. மூடுபனி. ஓடுபாதையின் ஒரு முனையில் டச்சு நிறுவனமான கேஎல்எம்மின் 747 விமானம் புறப்படக் காத்திருக்கிறது. அதே பாதையில் அமெரிக்க நிறுவனமான பான் ஆமின் 747 ஊர்ந்து வருகிறது. கட்டுப்பாட்டு அறை கேஎல்எம்முக்குக் கொடுத்தது, மேலேறிய பிறகு போகவேண்டிய வழிக்கான அனுமதி மட்டுமே. ஆனால் அதற்குள் 'டேக்-ஆஃப்' என்ற சொல் இருந்தது. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லி, 'இப்போது டேக்-ஆஃப்பில் இருக்கிறோம்' என்று முடித்தார். கிளம்பிவிட்டோம் என்றும் கொள்ளலாம், தயாராக நிற்கிறோம் என்றும் கொள்ளலாம். இங்கே சிக்கல் இரைச்சல் இல்லை; சொல் போய்ச் சேர்ந்தது, பொருள்தான் பிசகியது.

இரைச்சல் அடுத்த நொடிகளில் வந்தது. கட்டுப்பாட்டாளர் 'ஓகே' என்றார், சற்று நிறுத்தி, 'காத்திருங்கள், நான் அழைக்கிறேன்' என்றார். அதே அலைவரிசையில் அதே நேரம் பான் ஆம், 'நாங்கள் இன்னும் பாதையில்தான் இருக்கிறோம்' என்றது. இரண்டும் மோதி கேஎல்எம் விமானி அறையில் வெறும் கீச்சொலியானது. தெளிவாகக் கேட்டது அந்த 'ஓகே' மட்டும். கேஎல்எம் ஓடிப்போய்ப் பான் ஆம் மீது மோதியது. 583 பேர் இறந்தார்கள்.

பிறகு செய்த திருத்தங்களைப் பாருங்கள். 'டேக்-ஆஃப்' என்ற சொல் அந்த அனுமதியைத் தரும்போதோ ரத்துசெய்யும்போதோ மட்டுமே; மற்ற இடங்களில் 'டிபார்ச்சர்'. இது பொருள் பிசகுக்கு மருந்து. விமானிகள் வானொலியில் ஒன்பதை 'நைனர்' என்று நீட்டுகிறார்களே, முன்பே இருந்த அந்த வழக்கம் தடத்து இரைச்சலுக்கு: சத்தத்தில் பாதி தேய்ந்தாலும் 'ஃபைவ்' ஆகிவிடாது. ஷானன் சொன்ன மிகைமை, அதாவது தொலைந்தாலும் மீட்க உதவும் கூடுதல் குறி, இதுதான். அனுமதியின் முக்கியப் பகுதிகளைத் திருப்பிச் சொல்வது பின்னூட்டம். ஷானன் படத்தில் அதற்கு அம்பு இல்லை, 1954இல் ஷ்ராம் வரைந்த வட்டத்தில் உண்டு.

பழசு என்ற புகாருக்குப் பதில் தேவையில்லை. எது சரி என்பதும் அப்படித்தான். எந்த இடத்தில் ஓட்டை என்று பார்த்து மாதிரியை எடுங்கள். பெர்லோ? மூலம், செய்தி, தடம், பெறுநர் என்று 1960இன் நாலு பத்திப் பட்டியல், மனப்பாடத்துக்கு வசதி.

இருங்கள். கேஎல்எம் ஓடத் தொடங்கியபின், பான் ஆம் இன்னும் விலகவில்லையா என்று ஃபிளைட் என்ஜினியர் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்திச் சொன்னார். ஒரே அறை, கீச்சொலி இல்லை, பின்னூட்டமும் வந்தது. ஆனால் கேப்டன் அந்த நிறுவனத்தில் 747 விமானிகளுக்கே பயிற்சி தந்த மூத்தவர். என்ஜினியர் மறுபடி கேட்கவில்லை. ஷானனிடமும் ஷ்ராமிடமும் இதற்குப் பெட்டி தேடினால் கிடைக்காது. பெர்லோவின் பட்டியலில் மூலத்துக்குக் கீழும் பெறுநருக்குக் கீழும் 'சமூக அமைப்பு' என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரிக்காக அவரையும் படித்துவிட்டுப் போங்கள்.