தாய்ப்பால் பம்ப் வாங்கும் முன் புனலை அளந்து பாருங்கள்

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினமும் பஸ்ஸில் புதுச்சேரிக்கு வேலைக்குச் செல்பவள் நான். மகப்பேறு விடுப்பு முடிந்து அடுத்த மாதம் பணியில் சேர வேண்டும். அலுவலகத்தில் தாய்ப்பால் எடுக்க அதிக நேரம் கிடைக்காது. உள்ளாடைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் பம்ப் வாங்கினால் நேரம் மிச்சமாகும் என்கிறார்கள். விலையோ மலைக்க வைக்கிறது. வாங்கலாமா?

பதில்: உடனே வாங்காதீர்கள். நேரம் எங்கே போகிறது என்று முதலில் கணக்குப் பாருங்கள். ஒற்றைப் பம்பில் ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரம் என்றால் இரு பக்கத்துக்கும் அரை மணி ஆகும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கும் மின் பம்பில் அது பாதியாகிவிடும். அலுவலகத்தில் இரண்டு முறை எடுப்பவருக்கு நாளொன்றுக்கு அரை மணி நேரம் மிச்சம். இதற்கு ஆடைக்குள் வைக்கும் கருவிதான் வேண்டும் என்பதில்லை. குழாயுடன் வரும் சாதாரண இரட்டைப் பம்பே போதும். கை ஓயாமல் பிடித்திருக்க வேண்டுமே என்றால், பழைய இறுக்கமான உள்ளாடையில் புனல் (மார்பில் வைக்கும் கூம்புப் பகுதி) நுழையும் அளவுக்கு இரண்டு துளை போட்டு ஓரம் அடித்துத் தரச் சொல்லுங்கள். தெருமுனைத் தையல்காரர் செய்துவிடுவார். மின்வெட்டு நேரத்தை நினைத்து, பேட்டரியில் ஓடுவதாகப் பார்த்து வாங்குங்கள்.

மிச்சமாகும் பணத்தில் இன்னொரு செட் புனல், வால்வு, புட்டி வாங்குங்கள். என் கணக்கில் நேரத்தை அதிகம் தின்பது பால் எடுப்பதல்ல, கழுவுவது. அலுவலகக் குழாயடியில் டிபன் பாக்ஸ் கழுவும் வரிசையில் நின்று, தேய்த்து, உலர்த்தும் வேலை இரண்டாவது செட் இருந்தால் இல்லை. பயன்படுத்தியதைத் தண்ணீரில் அலசித் தனிப் பையில் போட்டுவிட்டு, அடுத்த முறைக்குப் புதிய செட்டை எடுங்கள். மாலையில் வீட்டில் இரண்டையும் இதற்கென்றே வைத்திருக்கும் பாத்திரத்தில் சோப்புப் போட்டுக் கழுவி, ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, நன்றாக உலர விட்டால் போதும். சமையலறைத் தொட்டியில் போட்டுக் கழுவ வேண்டாம்.

இனி புனல். பெட்டியில் பெரும்பாலும் 24 மில்லிமீட்டர் அளவுதான் வரும். அது எல்லோருக்கும் பொருந்தாது; பலருக்குச் சிறியது வேண்டியிருக்கும். பொருந்தாத புனலில் வலியும் வரும், பாலும் குறைவாக வரும், நேரமும் நீளும். காம்பின் குறுக்களவை ஸ்கேல் வைத்து அளந்துகொண்டு, வேறு அளவுப் புனல் தனியாகக் கிடைக்கும் தயாரிப்பாகத் தேர்ந்தெடுங்கள். கடைக்காரர் சொல்லாத ஒன்று: உறிஞ்சும் விசையை உச்சத்தில் வைத்தால் பால் அதிகமாக வந்துவிடாது. முதல் இரண்டு நிமிடம் வேகமான, மென்மையான முறையில் தூண்டிவிட்டு, பிறகு நிதானமான முறைக்கு மாற்றுங்கள். இடையில் மார்பை மெல்லப் பிடித்துவிட்டால் பால் விரைவாக இறங்கும்.

எடுத்த பால் 25 டிகிரி வரை உள்ள அறையில் நான்கு மணி நேரம் தாங்கும். கடலூர் வெயிலில் அந்தக் கணக்கை நம்ப வேண்டாம். உறைந்த ஐஸ் பேக்குகள் வைத்த குளிர்ப்பையில் 24 மணி நேரம் இருக்கும். ஃப்ரிட்ஜில் நான்கு நாள், ஃப்ரீசரில் ஆறு மாதம். தேதி எழுதி, சிறு அளவுகளாக வையுங்கள்.

அலுவலகத்தில் கூச்சப்பட வேண்டாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக நாளொன்றுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை தர வேண்டும் என்பது 1961 மகப்பேறு நலச் சட்டத்திலேயே இருந்தது. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. சட்டத்தில் ‘பம்ப்’ என்ற சொல் இல்லை; ஆகவே நேரத்தையும் கதவு தாழிடும் அறையையும் பணியில் சேரும் முன்பே எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள். 2015-ல் தமிழகப் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. அவசரத்துக்கு உதவும். பூட்டியிருக்கிறதா என்று முன்னதாக எட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது.

கேள்வி: இணையத்தில் வாங்கிய பம்ப் பத்தே நாளில் இழுக்கவில்லை. “சுகாதாரப் பொருள், திரும்பப் பெற மாட்டோம்” என்கிறார் விற்பனையாளர். என்ன செய்வது? (புதுச்சேரி, முத்தியால்பேட்டை)

பதில்: வால்வைப் பாருங்கள். மெல்லிய சிலிக்கோன் துண்டு அது. கிழிந்தாலோ தளர்ந்தாலோ இழுவை போய்விடும், மாற்றினால் சரியாகிவிடும். அப்படியும் இழுக்கவில்லை என்றால் வீடியோ எடுத்து, பில்லுடன் எழுத்து மூலம் புகார் செய்யுங்கள். மனம் மாறித் திருப்பித் தருவது வேறு, பழுதான பொருளைத் தருவது வேறு. பழுதானதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்கின்றன 2020 மின்வணிக விதிகள். புகார் வந்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்க்கவும் வேண்டும். மசியவில்லையா? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் பலனில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்பனையாளர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்க 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி செய்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

கேள்வி: நாத்தனார் பயன்படுத்திய பம்ப்பைத் தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா? (நெல்லிக்குப்பம்)

பதில்: பாலுக்கும் மோட்டாருக்கும் இடையே தடுப்பு இல்லாத வகை என்றால் வேண்டாம், உள்ளே புகுந்த பாலைக் கழுவ வழியில்லை. தடுப்பு உள்ளதென்றாலும், ஒருவருக்கு மட்டுமே என்று தயாரிப்பாளரின் கையேட்டில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போடவில்லை என்றால் மோட்டாரை மட்டும் வாங்கிக்கொண்டு, புனல், வால்வு, குழாய், புட்டி எல்லாவற்றையும் புதிதாக வாங்கிவிடுங்கள்.