ஒன்பதால் வகுபட்ட 180 ரூபாய்

வங்கிப் பயிற்சி மையத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், வேலை தொடர்பான வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: அம்மா, திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆபீஸ் நிர்வாகம் பார்க்கிறேன். ஆபீஸில் 38 பேர். முதலாளி ஏ.ஐ.க்குப் பணம் கட்டி, கோவையிலிருந்து ஆள் வரவழைத்து அரை நாள் வகுப்பும் வைத்துவிட்டார். இரண்டு மாதமாகிறது. சின்னப் பையன்கள் யாருக்கும் சொல்லாமல் தங்கள் போனிலேயே அதைப் பயன்படுத்துகிறார்கள். 51 வயது டாக்குமென்டேஷன் அண்ணா தொடவே மாட்டேன் என்கிறார். "என்னை எப்ப நின்னுக்கச் சொல்லுவாங்க? முன்னாடியே சொல்லிடும்மா" என்கிறார். எல்லோரையும் பழக்குவது என் பொறுப்பு. எங்கே ஆரம்பிக்க?
— வாசகி, திருப்பூர்

பதில்: அந்த அண்ணாவிடம் ஆரம்பியுங்கள்.

1990-களின் தொடக்கத்தில் எங்கள் கிளைக்கு ஏ.எல்.பி.எம். என்ற லெட்ஜர் இயந்திரம் வந்தது. பயிற்சிக்கு இளம் வயதுக்காரர்களை மட்டும் அனுப்பினார்கள். நானும் போனேன். தலைமை எழுத்தரை விட்டுவிட்டார்கள். 'ரிட்டயர்மென்ட்டுக்கு நாலு வருஷம்தானே, அவருக்கு எதுக்கு' என்றார் மேலாளர். மூன்றாவது வாரம் ஒரு நாள் ராத்திரி எட்டு மணி. லெட்ஜர் கூட்டலுக்கும் வவுச்சர் கூட்டலுக்கும் 180 ரூபாய் உதைக்கிறது. எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். தப்பை எங்கே தேடுவது என்று தெரியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிய தலைமை எழுத்தர் திரும்பி வந்தார். "180 ஒன்பதால வகுபடுது பாரும்மா. எங்கியோ ரெண்டு நம்பர் இடம் மாறி உக்காந்திருக்கு" என்றார். இருபது நிமிடத்தில் அகப்பட்டது. 2,530 என்பதை நான் 2,350 என்று அடித்திருந்தேன்.

அவரைப் பயிற்சிக்கு அனுப்பாதது எனக்கு இன்றும் உறுத்துகிறது. பிறகு நானே பயிற்சி மையத்துக்குப் போனபோது, ஒவ்வொரு வகுப்பிலும் இளையவர் ஒருவர், மூத்தவர் ஒருவர் என்று பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார வைத்தேன்.

ஏ.ஐ.க்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்து எழுதுவதுதான் அதன் வேலை. சரக்கை அது கண்ணால் பார்த்ததில்லை. சரியான இன்வாய்ஸையும் தப்பான இன்வாய்ஸையும் ஒரே தைரியத்தோடு எழுதிக் கொடுக்கும். போன வருடம் அனுப்பி முடித்த ஓர் ஆர்டரின் காகிதங்களை எடுத்து வையுங்கள். காலரும் பட்டன் பட்டியும் வைத்த ஆண்கள் போலோவுக்கு ஹெச்.எஸ்.என். எண்ணை, அதாவது சரக்கின் வகையைக் குறிக்கும் எண்ணை, ஏ.ஐ.யிடம் கேட்கச் சொல்லுங்கள். ஊரில் எல்லோரும் அதை டி-ஷர்ட் என்று சொல்வதால் அது 6109 என்று எழுதிவிடக்கூடும். காலரும் பட்டனும் வந்தால் 6105 என்பது அண்ணாவுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஜி.எஸ்.டி. எண்ணும் அப்படித்தான். முதல் இரண்டு இலக்கம் 33 என்றால் தமிழ்நாடு, அடுத்த பத்து இடம் பான் எண். ஈரோட்டு நூல் வியாபாரியின் பில்லில் 32 என்று வந்திருந்தால் அண்ணாவின் கண் அங்கேயே நிற்கும். தப்பைப் பிடித்த கையோடு, எப்படிப் பிடித்தார் என்று பையன்களுக்கு அவரையே சொல்லச் சொல்லுங்கள். அதுதான் நீங்கள் நடத்த வேண்டிய வகுப்பு. ஆங்கிலத்தில் பையருக்கு மெயில் எழுதுவதைப் பையன்கள் அவருக்குக் காட்டிக் கொடுக்கட்டும்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் முதலாளியிடம் ஒரு பதில் வாங்கியாக வேண்டும்: இதனால் யாரையாவது நிறுத்தப் போகிறாரா, இல்லையா? வங்கி நிர்வாகங்கள் 1983-லும் 1993-லும் சங்கங்களோடு ஒப்பந்தம் போட்டுத்தான் கணினியைக் கொண்டுவந்தன. அப்படியும் நாங்கள் பயந்தோம். உங்கள் ஆபீஸில் ஒரு வார்த்தைகூட யாரும் சொல்லவில்லை. அண்ணா கேட்பது நியாயமான கேள்வி. நிறுத்தப் போவதில்லை என்றால் அதை முதலாளியே எல்லோர் முன்னாலும் சொல்லட்டும். வேலை மாறும் என்றால் எந்த வேலை, எப்போது என்று சொல்லட்டும். அவர் மழுப்பினால், "பயப்படாதீங்கண்ணா" என்று நீங்களாக வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது பொய்த்தால் அவர் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்.

பையன்களைத் திட்ட வேண்டாம். அவர்களுக்கு ஆபீஸ் கணக்கு திறந்து கொடுங்கள். பையரின் டெக் பேக் (துணியின் அளவும் வடிவமைப்பும் அடங்கிய காகிதங்கள்), பீஸ் விலை, தொழிலாளர்களின் ஆதார் நகல் எதுவும் சொந்தக் கணக்கில் ஏறக் கூடாது என்று காரணத்தோடு சொல்லுங்கள். தனிநபர் தகவலைக் காக்க 2023-லேயே சட்டம் வந்துவிட்டது. வகுப்பு வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், வேலை நேரத்துக்குள்ளேயே இருக்கட்டும். ஷிப்மென்ட் வாரத்தில் மட்டும் வேண்டாம்.

கேள்வி: வக்கீல் ஆபீஸில் 26 வருடமாக டைப்பிஸ்ட். மனுவை ஏ.ஐ.யில் போட்டு எடுங்கள் என்கிறார் ஜூனியர். வயதில் சின்னவரிடம் கேட்டுக் கற்கக் கூச்சமாக இருக்கிறது.
— வாசகர், கும்பகோணம்

பதில்: ஐயா, முதல் வாரம் யாரிடமும் கேட்க வேண்டாம். நீங்கள் நூறு முறை அடித்த ஒரு கிரையப் பத்திரத்தின் சொத்து விவரத்தை, பெயர்களை மாற்றிவிட்டு, அதனிடம் கொடுத்து ஆங்கிலத்தில் கேளுங்கள். நான்கெல்லை திசை மாறாமல் இருக்கிறதா, ஏர்ஸை சென்ட்டாக மாற்றிய கணக்கு சரியா என்று பாருங்கள். ஓர் ஏர்ஸ் ஏறத்தாழ 2.47 சென்ட். எங்கே தடுமாறுகிறது என்று பிடிபட்டதும் கூச்சம் தானாகக் குறையும்.

ஜூனியரிடமும் ஒன்று சொல்லுங்கள். 2023-ல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள், ஏ.ஐ. இட்டுக்கட்டிய, இல்லவே இல்லாத தீர்ப்புகளை மனுவில் சேர்த்து நீதிமன்றத்தில் கொடுத்து, 5,000 டாலர் அபராதம் கட்ட வேண்டி வந்தது. உங்கள் ஆபீஸில் மேற்கோள் வரும் ஒவ்வொரு தீர்ப்பையும் புத்தகத்தில் எடுத்துப் பார்த்துப் பக்க எண்ணைப் பென்சிலில் குறித்த பிறகே மனு ஐயா மேஜைக்குப் போகட்டும்.