வேற ஹெட் மாட்டப் போகிறீர்களா? முதலில் பிளாக்கைப் பாருங்கள்: கேள்வி பதில்

சென்னை புதுப்பேட்டையில் பழைய ஹெட் (வால்வுகள் இருக்கும் இன்ஜின் மேல்பாகம்) ஒன்று மலிவாகக் கிடைத்தது, என் பிளாக்கில் (சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பாகம்) உட்காருமா என்று வாரத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் மொத்தமாக இங்கே. பெட்ரோல் கார் இன்ஜின் மட்டும். புல்லட்காரர்கள் மன்னிக்கணும். கேட்டவர்களை அவரவர் ஏரியா பெயரில் குறித்திருக்கிறேன்.

வேளச்சேரி: அண்ணே, என்னிடம் கார்புரேட்டர் ஜிப்ஸி கிங், 8 வால்வு. எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர்) ஜிப்ஸியின் 16 வால்வு ஹெட் கிடைத்திருக்கிறது. பிளாக்கில் என்ன வேலை செய்யணும்?

இரண்டும் போர் (சிலிண்டர் விட்டம்) 74 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 75.5 மி.மீ., 1298 சிசி. இந்த ஒற்றுமையைப் பார்த்துத்தான் எல்லோரும் காசைக் கொடுத்துவிடுகிறார்கள். முதலில் இரண்டு ஹெட்டுக்கும் உரிய கேஸ்கட்டை (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் வைக்கும் அடைப்புத் தகடு) வாங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். அப்புறம் பிளாக் மேல், அப்புறம் ஹெட் மேல். போல்ட் துளை, டவல் (ஹெட்டைச் சரியான இடத்தில் நிறுத்தும் முளை), தண்ணீர் வழி, ஹெட்டுக்கு ஏறும் ஆயில் துளை, இவை நான்கும் எங்கே விழுகின்றன என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரையே தொடணும்.

அடுத்து பிஸ்டன். 16 வால்வு ஹெட்டில் வால்வு இறங்கும் இடமே வேறு. பிஸ்டன் தலையில் அந்த இடத்தில் பள்ளம் இல்லையென்றால் பிஸ்டனும் மாற்றணும். ஊகம் வேண்டாம். குழந்தைகள் விளையாடும் களிமண்ணைப் பிஸ்டன் மேல் ஒட்டி, கேஸ்கட்டோடு ஹெட்டை இறுக்கி, டைமிங் பெல்ட் மாட்டி, கிராங்கைக் கையாலேயே இரண்டு முழுச்சுற்று சுற்றுங்கள். கழற்றிக் களிமண்ணை வெட்டினால் மெலிந்த இடத்தில் இன்டேக் பக்கம் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மி.மீ. இருக்கணும். பாதியில் தட்டினால் பலம் போட்டுச் சுற்றாதீர்கள், வால்வு வளையும்.

கம்ப்ரஷன் விகிதக் கணக்கும் போடணும். ஒரு சிலிண்டருக்கு 324.7 சிசி. 9.5 வேண்டுமென்றால் பிஸ்டன் மேலே நிற்கும்போது மிச்ச இடம் 38.2 சிசி. வந்த ஹெட்டின் அறை 5 சிசி சின்னதாக இருந்தால் அது 33.2 ஆகி, கம்ப்ரஷன் 10.8-க்குப் போய்விடும். மே மாத வெயிலில் நாலு பேரோடு கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது நாக்கிங் (பெட்ரோல் தாறுமாறாக வெடிக்கும் டக்டக் சத்தம்) உங்களுக்கே கேட்கும். ஹெட்டின் அறையை அளப்பது சுலபம்: மருந்துக்கடை சிரிஞ்சு, மண்ணெண்ணெய், அறையை மூட ஓட்டை போட்ட ஒரு அக்ரிலிக் துண்டு. ஓட்டை வழியாக எத்தனை சிசி போகிறதோ அதுதான் அளவு.

அம்பத்தூர்: என்னுடையதும் ஜிப்ஸிதான். பிளாக் மேல் ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கட்டை கிரைண்டரில் எமரி டிஸ்க் போட்டு எடுக்கலாமா?

கூடாது. உங்களுடையதும் ஜிப்ஸி என்கிறீர்கள், அது அலுமினிய பிளாக். டிஸ்க் இரண்டு வினாடி ஒரே இடத்தில் நின்றால் பள்ளம். அதைவிட மோசம், உதிரும் துகள் ஆயில் வழியில் இறங்கி பேரிங்கைத் தின்னும். பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர், கெமிக்கல், பொறுமை.

பெரம்பூர்: தம்பி, கண்ணாடி மேல் எமரி ஷீட் ஒட்டித் தேய்த்தே நாங்கள் அம்பாசடர் ஹெட் எத்தனையோ பார்த்திருக்கிறோம். ஒன்றும் ஆகவில்லை.

ஐயா, மறுக்கவில்லை. பழைய அம்பாசடரில் ஹெட்டும் வார்ப்பிரும்பு, பிளாக்கும் வார்ப்பிரும்பு, நடுவில் தடிமனான பழைய வகை கேஸ்கட். சின்ன கீறலை அது விழுங்கிக்கொள்ளும். இப்போது வரும் மல்டி லேயர் ஸ்டீல் கேஸ்கட் விழுங்காது, முகம் ஏறக்குறைய 0.8 மைக்ரான் வழவழப்பு கேட்கும். அப்புறம், ஹெட்டைத் தூக்கிக் கண்ணாடி மேல் தேய்க்கலாம். பிளாக்கை?

பெரம்பூர்: பிளாக் மேல் கண்ணாடியைத் தேய்ப்பது.

டவலைப் பிடுங்கிவிட்டா? ஓரம் சாயாமல் கையால் நேராகத் தேய்க்க உங்களுக்கு வரும் ஐயா, உங்கள் கை அப்படி. இங்கே படிக்கும் பையனுக்கு வராது.

கொளத்தூர்: பெரியவர் சொல்வதுதான் சரி. லேத் பட்டறைக்காரர்கள் காசுக்காக ஃபேசிங் (முகத்தை மெஷினில் சீவி மட்டமாக்குவது) போடச் சொல்கிறார்கள்.

அதுவும் நடக்கிறது. அதனால்தான் அனுப்பும் முன் நீங்களே அளக்கணும். நேரான ஸ்டீல் பட்டையை நீளவாக்கில், குறுக்கில், மூலைக்கு மூலை வையுங்கள். 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) அடியில் நுழைந்தால் நான் ஃபேசிங்குக்கு அனுப்புவேன், நுழையாவிட்டால் வேண்டாம். கால் மி.மீ. வெட்டினாலே மிச்ச இடத்தில் 1 சிசிக்கு மேல் போய், 9.5 என்பது ஏறக்குறைய 9.75 ஆகும். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே உள்ள இடைவெளியும் அதே கால் மி.மீ. குறையும், கேம் (வால்வைத் திறக்கும் தண்டு) டைமிங் கொஞ்சம் பின்தங்கும்.

இந்தத் தகராறில் மற்ற கேள்விகள் காத்துக் கிடக்கின்றன. போதும்.

தாம்பரம்: மைலேஜ் எவ்வளவு கூடும்?

மைலேஜுக்காக இதைச் செய்யாதீர்கள்.

போரூர்: ஆர்சி புத்தகத்தில் மாற்றணுமா?

இன்ஜின் நம்பர் பிளாக்கில்தான் இருக்கிறது. ஆனால் வண்டியில் மாற்றம் செய்வது பற்றி மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு பேசுகிறது. ஆர்டிஓ அலுவலகத்தில் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

மடிப்பாக்கம்: தண்ணீர் துளைகளைச் சுற்றி அரித்திருக்கிறது. எதனால்?

ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் ஊற்றினீர்களா? நம் ஊர் உப்புத் தண்ணீர் அலுமினியத்தை விட்டுவைக்காது. அரிப்பு கேஸ்கட் அழுத்தும் வளையம் வரை வந்துவிட்டால் வெல்டிங் வைத்து ஃபேசிங் போடணும், பேஸ்ட் பூசி மறைக்கக் கூடாது. இனிமேல் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும்.

அண்ணா நகர்: எமரி டிஸ்க் நைஸாக இருந்தால் பரவாயில்லையா?

மேலே படியுங்கள்.

குரோம்பேட்டை: போல்ட் துளைகளை எப்படிச் சுத்தம் செய்வது?

மரைக்கு ஏற்ற டேப்பை (மரை வெட்டும் கருவி) கையால் மெதுவாக ஓட்டி, ஏர் அடித்து, காய்ந்துவிட்டதா என்று பார்க்கணும். வேலை கற்றுக்கொண்ட நாளில் அடிப்பக்கம் அடைத்த துளையில் ஆயில் நின்றது தெரியாமல் போல்ட்டை இறுக்கி ஒரு பிளாக்கை வெடிக்க வைத்தவன் நான். ஆயில் நசுங்காது, பிளாக்தான் விரியும். வேற ஹெட் என்றால் போல்ட் நீளமும் மாறலாம். துளையின் ஆழத்தை அளந்து, போல்ட் அடியில் இடிக்காது என்று உறுதி செய்யுங்கள்.

ராயபுரம்: கேஸ்கட் வைத்துப் பார்த்தேன் அண்ணே. பிளாக்கில் இருக்கும் ஒரு தண்ணீர் ஓட்டை கேஸ்கட்டில் இல்லை. வெட்டிவிடட்டுமா?

வைத்துப் பார்த்த முதல் ஆள் நீங்கள்தான், நன்றி. வெட்டாதீர்கள். சில துளைகளை வேண்டுமென்றேதான் மூடியிருப்பார்கள், தண்ணீர் குறுக்கே ஏறிவிடாமல் கடைசி சிலிண்டர் வரை போகட்டும் என்று. ஆனால் ஆயில் துளை மூடிப்போனால் கதை வேறு, கேம் காய்ந்து போகும். அமெரிக்காவில் விடெக் (ஆயில் அழுத்தத்தால் வால்வு திறப்பை மாற்றும் ஹோண்டா ஏற்பாடு) இல்லாத ஹோண்டா பி18 பிளாக்கில் விடெக் ஹெட் வைப்பவர்கள் ஹெட்டின் ஆயில் வழியை அடைத்துவிட்டு வெளியிலிருந்து தனிக் குழாய் இழுப்பது இதனால்தான். உங்களுடையது தண்ணீர்தான், ஆயில் இல்லை என்பதை ஒரு கம்பி விட்டுப் பார்த்துவிட்டு, கேஸ்கட்டின் இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள். அதுவரை கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள்.