பூச்சிகொல்லிப் பங்கசுகளைப் பேணுதல்: கேள்வி பதில்

கேள்வி (வெலிமடை): கடையில் வாங்கிய பியூவேரியா பொடியை எப்படி வைத்திருப்பது?

பதில்: அது பூச்சியைக் கொல்லும் ஒரு பங்கசின் உயிருள்ள வித்திகளின் பொடி. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் பைக்குள்ளேயே இறந்துவிடும். நன்கு உலர்ந்த பொடியைச் சிலிக்கா ஜெல் பையுடன் காற்றுப் புகாத போத்தலில் இட்டு, ஏறத்தாழ 4 பாகை செல்சியசில் வையுங்கள்.

கேள்வி (நுவரெலியா): எங்கள் ஊர்க் குளிரே போதாதா?

பதில்: போதாது. மழைக்கால ஈரப்பதன்தான் இங்கு பெரிய எதிரி.

கேள்வி (பண்டாரவளை): மெட்டாரைசியம் என்ற பூச்சிகொல்லிப் பங்கசைச் சோற்றில் மாற்றி மாற்றிப் பெருக்கி வருகிறோம். இன்றும் பச்சையாகவே வளர்கிறது. வீரியம் குறையும் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

பதில்: பச்சை நிறம், வித்தி உண்டாகிறது என்பதற்கு மட்டுமே சான்று. பூச்சியின் புறத்தோலை நொதியங்களால் கரைத்து உள்ளே நுழைவதால்தான் இப்பங்கசு அதைக் கொல்கிறது. சோற்றிலோ அந்த வேலைக்கே தேவையில்லாததால், தொடர்ந்து மாற்றி வளர்க்கும்போது, வேகமாகப் பரவினாலும் பூச்சியைத் தொற்றாத இழைகள் மேலோங்கக்கூடும். பங்கசை ஏகார் என்னும் கூழில் வளர்த்த தட்டை வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். பச்சைப் பரப்பின் நடுவே, தட்டினாலும் பொடி உதிராத வெள்ளைப் பஞ்சுப் பகுதி ஆப்பு வடிவில் தெரிந்தால், அந்த வளர்ப்பைக் கொதிக்கவைத்து அழித்துவிடுங்கள்.

கேள்வி (பண்டாரவளை, மீண்டும்): நிறுவனங்களும் பெருக்கித்தானே விற்கின்றன?

பதில்: பெருக்குவதை நான் தடுக்கவில்லை, பெருக்கியதிலிருந்தே மறுபடி பெருக்குவதைத்தான் தடுக்கிறேன். முறையான ஆய்வுகூடத்தில் முதல் வளர்ப்பைப் பல குழாய்களில் பிரித்து, திரவப் பரஃபினால் மூடியோ, கிளிசரோலில் −80 பாகையில் உறையவைத்தோ சேமித்து, ஒவ்வொரு தடவையும் அவற்றுள் ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். நலிந்த வளர்ப்பைப் பூச்சியில் தொற்றவைத்து, இறந்த உடலிலிருந்து திரும்பப் பிரித்தெடுத்தால் வீரியம் பெரும்பாலும் மீளும். ஆனால் மற்றப் பங்கசுகள் கலந்துவிடாமல் அதைச் செய்வது வீட்டுச் சமையலறையில் இயலாது.

கேள்வி (ஹட்டன்): பொடியை ஐஸ்பெட்டியில் வைக்கலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (தலவாக்கலை): தேயிலைக் கொப்புள நோய்க்கு அடிக்கும் செப்பு மருந்துடன் பியூவேரியாவைக் கலக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. செப்பு, நோய்ப் பங்கசு எது, உதவும் பங்கசு எது என்று பார்த்துக் கொல்வதில்லை. ஒரே தெளிகருவியை இரண்டுக்கும் பயன்படுத்துவதானால் நன்றாகக் கழுவிய பின்னரே பயன்படுத்துங்கள்.

கேள்வி (ஊவா பரணகம): தக்காளி வாடலுக்கு டிரைக்கோடெர்மா எவ்வளவு இடுவது?

பதில்: அந்தப் பங்கசு பூச்சியைக் கொல்வதற்கன்று, தாவர நோய்ப் பங்கசுகளை அடக்குவதற்கு. உங்கள் வாடல் பற்றீரியாவால் வந்ததா என்பதை விவசாயப் போதனாசிரியரிடம் செடியைக் காட்டி முதலில் அறியுங்கள்.

கேள்வி (வெலிமடை): கோவாவுக்கு (முட்டைக்கோசு) அந்தப் பொடியைக் கரைத்துக் காலையில் அடித்தோம், பலனில்லை.

பதில்: வெயிலின் புறஊதாக் கதிர் வித்திகளை விரைவில் கொன்றுவிடும். மாலையில், புழுக்கள் இருக்கும் இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடியுங்கள்.