ஐந்தெழுத்து ஆங்கில வார்த்தைகள்: வடசென்னை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

ராயபுரம்: அக்கா, மறைஞ்சிருக்கிற அஞ்செழுத்து இங்கிலீஷ் வார்த்தையை ஆறு வாய்ப்புல கண்டுபிடிக்கிற வேர்டில் ஆட்டத்துல முதல் வார்த்தையா 'அடியூ' (ஏ, டி, ஐ, ஈ, யூ) போடுறேன். நாலு உயிரெழுத்து ஒரே அடியில தெரிஞ்சிடுது. ஆனாலும் அஞ்சாவது, ஆறாவது வாய்ப்பு வரைக்கும் இழுக்குதே, ஏன்?

உயிரெழுத்து தெரிஞ்சதால வார்த்தை தெரிஞ்சிடாது தம்பி. ஏ-யும் ஈ-யும் இருக்குன்னு தெரிஞ்ச பிறகும் பெரிய கூட்டமே மிச்சம் இருக்கும். அதை வடிகட்டுறது ஆர், எஸ், டி, எல், என் மாதிரி அடிக்கடி வர்ற மெய்யெழுத்துங்கதான். உங்க துறைமுகத்துல நிக்கிற 'கிரேன்' நல்ல ஆரம்பம்: சி, ஆர், ஏ, என், ஈ. பச்சைன்னா எழுத்தும் இடமும் சரி, மஞ்சள்னா எழுத்து வேற இடத்துல இருக்கு, சாம்பல்னா அந்த எழுத்து இல்லை. அஞ்சும் சாம்பல் நிறமாயிட்டா அடுத்தது 'மாய்ஸ்ட்': எம், ஓ, ஐ, எஸ், டி. ரெண்டே வரியில பத்து வேற வேற எழுத்து சோதிச்சாச்சு. யூ, ஒய் மட்டும்தான் உயிர் ஒலியில பாக்கி.

தண்டையார்பேட்டை: கடைசி நாலு எழுத்து ஐ, ஜி, ஹெச், டி பச்சை ஆயிடுச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா போட்டுப் பார்த்தே தோத்துட்டேன். வேற வழி இருக்கா?

இருக்கு. இந்த வடிவத்துல சாதாரணமா புழங்குற வார்த்தை எட்டு: எயிட், ஃபைட், லைட், மைட், நைட், ரைட், சைட், டைட். ஒவ்வொண்ணா போட்டா ஒரு வாய்ப்புக்கு ஒரு எழுத்துதான் கழியும். பச்சையை மறந்துட்டு 'ஃபெர்ன்ஸ்' போடுங்க: எஃப், ஈ, ஆர், என், எஸ். எட்டுல அஞ்சு முதலெழுத்து இதுல அடங்கிடுச்சு. எஃப் பச்சையானா ஃபைட். மத்த நாலுல எது மஞ்சளாகுதோ அதுதான் முதலெழுத்து. எதுவுமே நிறம் மாறலைன்னா லைட், மைட், டைட் மூணுதான் மிச்சம். அடுத்து 'லெமன்' போடுங்க: எல் பச்சைன்னா லைட், எம் மஞ்சள்னா மைட், ரெண்டும் இல்லைன்னா டைட். ஆக, மூணாவது வாய்ப்புல விடை உறுதி. ஹார்ட் மோடு போட்டிருந்தா இது செல்லாது, கிடைச்ச பச்சையை விட அது அனுமதிக்காது. அதுல ஆடுறவங்க, நாலு எழுத்து பச்சையாகுறதுக்கு முன்னாலயே முதலெழுத்துங்களைச் சோதிச்சு வைக்கணும்.

திருவொற்றியூர்: 'ஸ்பீட்' போட்டேன். ஒரு ஈ மஞ்சள், இன்னொரு ஈ சாம்பல். ஈ இருக்கா, இல்லையா?

இருக்கு, ஒண்ணே ஒண்ணு. விடை 'அபைடு'ன்னு வச்சுக்குங்க: ஏ, பி, ஐ, டி, ஈ. அதுல ஒரே ஈ, கடைசியில. உங்க ரெண்டு ஈ-யில முதல்ல வர்றதுக்கு மஞ்சள் கொடுத்துட்டு, அடுத்ததைச் சாம்பலாக்கிடும். ரெண்டுமே நிறம் மாறினாதான் விடையில ரெண்டு ஈ இருக்குன்னு அர்த்தம்.

வியாசர்பாடி: டீச்சர், என் பையன் காதுல கேக்குற மாதிரியே எழுதுறான். 'பிளாக்'குக்கு கடைசியில வெறும் கே, 'லாஜிக்'குக்கு சிகே. எப்படிச் சொல்லித் தர்றது?

எல்லா வீட்டுலயும் நடக்குறதுதான் இது. தமிழ்ல 'க்'குக்கு ஒரே எழுத்து. இங்கிலீஷ்ல அது சி, கே, சிகே, க்யூ, சில இடத்துல சிஹெச்னு பிரிஞ்சு நிக்குது. அதனால 'என்ன சத்தம்'னு கேக்காம, 'இந்தச் சத்தத்துக்கு முன்னால என்ன இருக்கு'ன்னு கேக்கச் சொல்லுங்க.

ஒரே அசை உள்ள வார்த்தையில குறில் ஒலிக்குப் பின்னால 'க்' வந்தா சிகே: பிளாக், கிளாக், டிரக், பிரிக். நெடில் ஒலின்னா கே மட்டும், இல்லைன்னா கே போட்டு ஈ: ஸ்பீக், குளோக், ஸ்மோக், ஸ்பைக். முன்னால இன்னொரு மெய் இருந்தாலும் வெறும் கே: தேங்க், டிரிங்க், ஷார்க். ரெண்டு அசையா இருந்து 'இக்'னு முடிஞ்சா பெரும்பாலும் சி மட்டும்: லாஜிக், மியூசிக், டாபிக், பேனிக். புக், லுக், ஷுக் இதுல அடங்காது. காதுக்குக் குறில், எழுத்துல ரெண்டு ஓ. தனியா மனப்பாடம் பண்ண வேண்டியதுதான்.

இதே கணக்கு 'ஜ்'ஜுக்கும் உண்டு. அசல் இங்கிலீஷ் வார்த்தை ஜே-யில முடியாது. குறிலுக்குப் பின்னால டிஜிஈ: ஜட்ஜ், பேட்ஜ், ரிட்ஜ். நெடிலுக்கோ மெய்யெழுத்துக்கோ பின்னால ஜிஈ: ஸ்டேஜ், லார்ஜ். 'வ்' ஒலியில முடிஞ்சா வி-க்குப் பின்னால ஈ ஒண்ணு நிக்கும்: சால்வ், நெர்வ், பிரேவ். தினம் ஒரு முடிவு, அதுக்கு எட்டு வார்த்தை, அதுக்கு மேல வேண்டாம். எல்லா விதியையும் ஒரே நாள்ல கொடுத்தா பையன் ஒண்ணோட ஒண்ணைக் குழப்பிக்குவான்.

பெரம்பூர்: ஏ, ஈ, ஐ, ஓ, யூ அஞ்சுமே சாம்பல். இப்படியும் வார்த்தை இருக்கா?

ஒய் வேலை செய்யும். எந்த இடத்துல நிக்கும்னு மட்டும் பாருங்க. மூணாவது இடம்: கிரிப்ட், டிரிஸ்ட், கிளிஃப் (ஜி-யில தொடங்குறது). ரெண்டாவது இடம்: நிம்ஃப், லிம்ஃப், லிஞ்ச். ரெண்டுலயும் கடைசியிலயும்: ஜிப்சி, பிக்மி.

காசிமேடு: அக்கா, பாப்பாவுக்கு ஸ்கூல்ல 'ஏ மட்டுமே உயிரெழுத்தா வர்ற அஞ்செழுத்து வார்த்தை' கேட்டிருக்காங்க.

கனால், சாலட், கயாக். மூணுலயும் ஏ ரெண்டாவது, நாலாவது இடத்துல. டிராமா, பிளாசாவுல மூணாவதும் அஞ்சாவதும். பாப்பாவுக்குக் கூடுதலா ஒண்ணு சொல்லுங்க: நம்ம கட்டுமரம் இங்கிலீஷ்ல 'கேட்டமரான்' ஆனப்போ ஒன்பது எழுத்து. அதுல ஏ நாலு, எல்லாம் இரட்டைப்படை இடத்துல. டீச்சர் கேட்ட நீளம் இல்லைதான், ஆனா வகுப்புல சொல்லலாம்.

மண்ணடி: ஸ்கிராபிள்ல க்யூ கையில இருக்கு, யூ வரவே இல்லை. தூக்கிப் போட்டுடலாமா?

வேண்டாம் பாய், அது பத்து பாயிண்ட் எழுத்து. ஸ்கிராபிள்ல செல்லுற வார்த்தைகளோட காலின்ஸ் பட்டியலை வச்சு ஆடினா யூ இல்லாமலே வழி உண்டு. ரெண்டெழுத்துல 'சீ': க்யூ, ஐ. மூணெழுத்துல 'காட்': க்யூ, ஏ, டி. அஞ்செழுத்துல உங்களுக்குப் பழகின பேருங்கதான்: நிகாப், கிப்லா, ஃபக்கீர், தலாக். தலாக்ல மட்டும் க்யூ கடைசியில. ஃபக்கீருக்கு எஃப், ஏ, க்யூ, ஐ, ஆர். நடுவுல ஒரே க்யூ, கே சேர்த்துடாதீங்க.

கொளத்தூர்: டியூஷன் பிள்ளைங்களுக்கு எக்செல்ல வார்த்தைப் பட்டியல் வச்சிருக்கேன். ரெண்டாவது ஆர், மூணாவது ஏ, கடைசி ஈ வர்றதை மட்டும் எப்படி எடுக்கிறது?

ஃபில்டரைத் திறந்து டெக்ஸ்ட் ஃபில்டர்ல 'ஈக்வல்ஸ்' எடுங்க. தெரியாத ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி: முதல்ல கேள்விக்குறி, ஆர், ஏ, திரும்பக் கேள்விக்குறி, ஈ. கிரேப், பிரேவ், ஃபிரேம், டிரேட் எல்லாம் வரிசையா வந்து நிக்கும். மேல இருக்குற தேடல் பெட்டியில அடிச்சா நீளமான வார்த்தையும் கலந்து வரும். வர வேண்டியது வரலைன்னா, வார்த்தைக்குப் பின்னால கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒட்டிட்டிருக்கும். எக்செல் அதையும் ஒரு எழுத்தா எண்ணும். பக்கத்துக் காலம்ல டிரிம் ஃபார்முலா போட்டுச் சுத்தம் பண்ணிட்டு, அந்தக் காலம்ல ஃபில்டர் போடுங்க.