புப்பூசா தின்னப் போகிறவர்களின் கேள்விகள்

நான் சைவம். எல் சால்வடோரில் பீன்ஸ் வைத்த புப்பூசாவைத் தைரியமாக வாங்கலாமா?

கேட்காமல் வாங்காதீர்கள். புப்பூசா என்பது மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோரில், மாவுக்குள் பூரணம் வைத்துக் கல்லில் சுடுகிற தடித்த ரொட்டி. உள்ளே வைக்கிற சிவப்பு பீன்ஸ் மசியலைப் பல கடைகளில் பன்றிக் கொழுப்பில்தான் வதக்குகிறார்கள், பார்த்தால் தெரியாது, தின்றாலும் பழக்கமில்லாத நாக்குக்குத் தெரியாது, அதனால் "சின் மந்தேக்கா?" என்று கேட்டுவிடுங்கள், கொழுப்பு போடாததா என்று அர்த்தம். பலகையில் 'ரெவுவெல்தா' என்று இருந்தால் பீன்ஸ், சீஸ், சிச்சரோன் மூன்றும் கலந்தது. சிச்சரோன் என்றதும் மொறுமொறு பன்றித்தோலை நினைக்கிறார்கள், புப்பூசாவுக்குள் போவது பன்றிக்கறியை வேகவைத்துப் பொரித்து விழுதாக அரைத்தது, ஆக ஒதுக்கிவிட்டுத் தின்ன வழியே இல்லை. நான் உங்களுக்குச் சொல்வது சீஸும் லொரோக்கோவும் சேர்ந்தது. லொரோக்கோ ஒரு கொடியின் பூமொட்டு, அந்த வாசனைக்காகவே ஒன்று கூடுதலாகச் சொல்லலாம். சீஸும் வேண்டாமென்றால் அயோத்தே, அதாவது பூசணி வகை, அதை மட்டும் வைத்துத் தரச் சொல்லுங்கள். எல்லாம் ஒரே கல்லில்தான் வேகும், அது ஒத்துவராதென்றால் விட்டுவிடுவதே நல்லது.

"மாயிஸா, அர்ரோஸா?" என்று கேட்பார்களாமே?

மக்காச்சோளமா அரிசியா என்று கேட்கிறார்கள். முதலில் சோளம் சொல்லுங்கள். சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மாவு அது, சுடும்போது வருகிற மணமே தனி. அரிசி மாவுக்குப் பேர்போனது ஒலோகுவில்தா, விமான நிலையத்திலிருந்து தலைநகர் சான் சால்வடோர் போகிற வழியில்தான் இருக்கிறது, வண்டியை நிறுத்தச் சொன்னால் ஆயிற்று.

முள்கரண்டி கேட்டால் தப்பா?

தப்பில்லை, ஆனால் கையால் பிய்த்துத் தின்பதுதான் வழக்கம். மேலே குர்த்தீதோவை (முட்டைக்கோஸ், கேரட், வெங்காயம், ஓரிகானோ போட்ட வினிகர் ஊறல்) அள்ளி வையுங்கள், அப்புறம் தக்காளி சல்சா. வெறும் புப்பூசா தின்றுவிட்டு "ஒரே திகட்டல்" என்று எழுதுகிறவர்கள் இந்த ஊறலைத் தொட்டிருக்க மாட்டார்கள். ஒரே நேரத்தில் நான்கு சொல்லாதீர்கள், ஆறினால் சீஸ் இறுகிவிடும், இரண்டிரண்டாக வாங்குங்கள்.

எப்போது போனால் நல்லது?

சாயங்காலம். காலையிலும் உண்டு, மதியம் பல கடைகளில் கல் சூடாகவே இருக்காது. தலைநகரில் தங்கினால் மேலே மலையிலுள்ள லோஸ் பிளானெஸ் தெ ரெந்தெரோஸ் போங்கள், ஊர் முழுக்கக் கீழே தெரியும். நவம்பர் இரண்டாம் ஞாயிறு அங்கே இருந்தால் இன்னும் விசேஷம், 2005-லிருந்து அது அரசே அறிவித்த புப்பூசா தினம்.

டாலரா, பிட்காயினா?

டாலர். 2001-லிருந்து அந்த நாட்டுப் பணமே அமெரிக்க டாலர்தான். பிட்காயினை 2021-ல் சட்டப்படி பணமாக்கினார்கள், 2025-ல் சட்டத்தைத் திருத்தியபின் வாங்குவதும் வாங்காததும் கடைக்காரர் இஷ்டம். சாதாரணக் கடையில் ஒன்று ஏறக்குறைய ஒரு டாலர்தான், எனவே சில்லறையாகக் கொண்டுபோங்கள், 20 டாலர் நோட்டை நீட்டினால் மாற்ற ஆள் அடுத்த கடைக்கு ஓட வேண்டியிருக்கும்.